கோர்ட்டுக்குக் கம்பியூட்டர் வந்தால்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், ரீலோட். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருந்தேன். அதனால் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கோர்ட்டுக்குள் போவதற்கு முன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கொஞ்ச காலமாக எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: நீதிமன்றங்களை டிஜிட்டல் ஆக்கப் போகிறார்களாம், அதில் நமக்கு என்ன? ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் சொந்த வழக்குக்கு ஆலோசனை வேண்டுமென்றால் அவரிடம்தான் போகவேண்டும்.

"கேஸெல்லாம் கம்பியூட்டர்ல போடப்போறாங்களாமே, அப்படின்னா என்னாங்க?"

இப்போது உங்கள் வழக்கு என்பது நூல் கட்டிய ஒரு கட்டு. பொலிஸ் தன் விசாரணை பற்றி நீதவானுக்குப் போட்ட பீ அறிக்கை, பிணை முறி, வைத்திய அறிக்கை, ஒவ்வொரு தவணையிலும், அதாவது வழக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளிலும், நீதவான் என்ன கட்டளையிட்டார் என்ற குறிப்பு, எல்லாம் அதற்குள்தான். அந்தக் கட்டு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் உங்கள் வழக்கும் கிடக்கிறது.

வழக்கு முகாமை மென்பொருள் என்றால் அந்தக் கட்டை ஸ்கேன் செய்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. ஸ்கேன் செய்தது கம்பியூட்டருக்கு வெறும் படம். அடுத்த தவணை எப்போது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பிணையில் இருக்கிறாரா, எந்த அறிக்கை வரவேண்டி இருக்கிறது என்பதையெல்லாம் தனித்தனிக் கட்டங்களில் பதிந்தால்தான் கேட்டவுடன் பதில் வரும். ஸ்கேனர் வாங்கியதும் டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கேனர் என் கடையிலும்தான் இருக்கிறது.

"ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு கம்பியூட்டர் குடுத்தா போதாதா? எதுக்கு எல்லாத்துக்கும் பொதுவா ஒன்னு?"

வழக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு போதைப்பொருள் வழக்கை எடுங்கள். பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கை போடுகிறது. பிடித்த பொருளின் மாதிரி அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. ஆள் விளக்கமறியலில், அதாவது சிறைச்சாலைத் திணைக்களத்தின் பொறுப்பில். அளவு பெரிது என்றால் கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கிருந்து மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம். இடத்துக்கு ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஒரு இலக்கம். "அறிக்கை வரவில்லை" என்று தவணை தள்ளிப் போகும்போது, அது இன்னும் எழுதவே இல்லையா, எழுதி அனுப்பி இங்கே வேறு ஒரு கட்டுக்குள் போய்விட்டதா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆள் மட்டும் உள்ளே இருப்பார்.

ஒவ்வோர் இடமும் தனக்கென ஒரு மென்பொருள் செய்துகொண்டால் இதே குழப்பம் கம்பியூட்டருக்குள் குடிபோகும், அவ்வளவுதான். பொதுவான ஒன்று என்றால் எல்லோரும் ஒரே பதிவைப் பார்க்கிறார்கள். அவரவருக்கு உரிய பகுதி மட்டும் திறக்கும். பக்கத்தில் இந்தியாவில் ஈகோர்ட்ஸ் திட்டம் 2007ல் தொடங்கியது. அங்கே மாவட்ட நீதிமன்றங்களுக்கென ஒரே திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண். தமிழ்நாட்டு வழக்கென்றால் டிஎன் என்று தொடங்கும். அதை போனில் தட்டினால் அடுத்த தவணை தெரியும். திறந்த மூலம் என்பதால் ஒரு கம்பனிக்கு வருடா வருடம் அனுமதிக் கட்டணம் அழவேண்டியதில்லை.

நம் நாட்டில் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அன்றாடப் பட்டியலையும் தீர்ப்புகளையும் இணையத்தில் போடுகின்றன. என் கடைக்கு எதிரில் பட்டியல் இன்னும் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. மழைச்சாரல் அடித்தால் மை கரையும்.

"அப்போ என் கேஸ் நம்பர் மாறிடுமா? இந்தத் துண்டு செல்லாதா?"

செல்லும். பழைய இலக்கத்தை அழிக்கமாட்டார்கள்; அதன் மேல் ஒரு பொது இலக்கம் வரும். இரண்டில் எதைச் சொன்னாலும் வழக்கு கிடைக்கவேண்டும், அப்படிக் கிடைக்காத மென்பொருள் சரியான மென்பொருள் இல்லை. துண்டை லெமினேட் மட்டும் செய்யாதீர்கள். பின்னால் அடுத்த தவணை எழுத இடமில்லாமல் போகிறது.

"தவணை தள்ளிப்போனா போனுக்கு மெசேஜ் வருமா?"

என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே அந்த மென்பொருள் வரவேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல், மகளின் தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்குக்காக மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி. மகள் அன்று பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகவில்லை; ஒரு பேர் போச்சு, ஒரு நாள் சம்பளம். அம்மாவும் பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறவர், அவருக்கும் போச்சு. ஒன்பதே முக்காலுக்கே திரும்பி என் கடைக்கு வந்துவிட்டார்கள். நீதவான் லீவு, ஆறு வாரம் கழித்துத் தவணை. "இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். திகதியை ஒரு துண்டில் எழுதித் தரச்சொல்லி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. அதை வைத்துப் பாருங்கள், அந்த வீட்டுக்கு அன்று என்ன நட்டம் என்று. நீதவான் லீவு என்பது முதல் நாளே யாருக்காவது தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்ல வழிதான் இல்லை.

பொது மென்பொருளில் தவணைக் கட்டத்தில் திகதி மாறியதும் வழக்கில் உள்ள எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போக வைக்கலாம். இந்தியாவில் வழக்காளிக்கும் சட்டத்தரணிக்கும் அப்படிப் போகிறது. பட்டன் போனுக்கும் வரும், டேட்டா தேவையில்லை.

ஆனால் எஸ்எம்எஸ் என்பது நினைவூட்டல்தான், அழைப்பாணை அல்ல. "மெசேஜ் வரல, அதான் வரல" என்று நீதவானிடம் சொல்ல முடியாது, பிடியாணை வந்துவிடும். திறந்த நீதிமன்றத்தில் சொன்ன திகதிதான் திகதி.

"எனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாது. கம்பியூட்டர் சிங்களத்துல தானே பேசும்?"

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுக்க நீதிமன்ற மொழிகள். தமிழ் நிர்வாக மொழியாக இருக்கும் வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்குப் பதிவு சிங்களத்தில்தான் நடக்கும், அதனால் நம் பக்கத்து வழக்கேடுகள் சிங்களத்தில். ஆனால் அதே உறுப்புரை, நீங்கள் தமிழில் வழக்குத் தொடரலாம், தமிழில் மனுக் கொடுக்கலாம், நடப்பது புரியாவிட்டால் அரசு செலவில் மொழிபெயர்ப்புக் கேட்கலாம், பதிவில் உங்களுக்குச் சட்டப்படி உரிய பகுதியைத் தமிழில் பெறலாம் என்றும் சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு கதை.

இங்கேதான் மென்பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்பது முக்கியமாகிறது. நீதிமன்ற எழுதுவினைஞர் "மேலதிக விசாரணைக்குத் தவணை" என்று ஒவ்வொரு முறையும் கையால் டைப் செய்தால் அது சிங்களத்திலேயே நிற்கும். அதையே ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்தால், கம்பியூட்டருக்கு அது ஒரு குறியீடு; சிங்களத்தில் பார்ப்பவருக்குச் சிங்களத்திலும், தமிழில் பார்ப்பவருக்குத் தமிழிலும் காட்டும். நீதவான் நீதிமன்றத்தில் அன்றாடம் வரும் கட்டளைகளில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருபவைதான்: பிணை, விளக்கமறியல் நீடிப்பு, அறிக்கைக்குத் தவணை, அழைப்பாணை, பிடியாணை. இவற்றை ஒருமுறை சரியான தமிழில் எழுதிவைத்தால் போதும். செலவும் பெரிதாக இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே செய்யவேண்டும், பிறகு ஒட்டுப்போட முடியாது.

சாட்சியமும் தீர்ப்பும் அப்படியில்லை. அவற்றை கூகுளில் போட்டுத் தமிழாக்கினால் என்ன வரும் என்று கடையில் தினமும் பார்க்கிறேன். அங்கே முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். அப்புறம் ஒரு சின்னச் சங்கதி: பாமினி எழுத்தில் டைப் செய்த பழைய தமிழ் ஆவணங்கள் கம்பியூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் வராது. இனி டைப் செய்யக் கொடுக்கும்போது யூனிகோட்டில் கேளுங்கள், எந்தக் கடையிலும்.

"என் பேரு ஐடென்டில ஒரு மாதிரி, பர்த்ல ஒரு மாதிரி, செக்ரோல்ல ஒரு மாதிரி. எந்தப் பேர்ல போடுவாங்க?"

இது மென்பொருளை விடப் பழைய வியாதி. அடையாள அட்டையோ, பிறப்புச் சான்றிதழோ, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலோ, பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். சிங்களத்தில் ழகரம் கிடையாது. தமிழில் ஒரே க, ஒரே ப. சிங்களத்தில் ஒலிக்கேற்ப வேறு வேறு எழுத்து. பழனியம்மா சிங்களத்துக்குப் போய்விட்டுத் தமிழுக்குத் திரும்பினால் பலனியம்மா. தாளில் இருந்தால் முதலியார் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டும் ஒருவர்தான் என்று சொல்லிவிடுவார். கம்பியூட்டருக்குச் சிரிக்கத் தெரியாது. அதற்கு அவர்கள் இரண்டு பெண்கள்.

அதனால் ஆளைப் பெயரை வைத்து அல்ல, அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பிடிக்கவேண்டும். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு வீ எழுத்தும். 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம். 1972ல் பிறந்தவரின் பழைய இலக்கம் 72 என்று தொடங்கும், புதியது 1972 என்று தொடங்கி, நடுவில் ஒரு பூச்சியம் கூடி, வீ இல்லாமல் வரும். இரண்டும் ஒரே ஆள் என்று மென்பொருளே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடலாம், சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் புது அட்டை எடுத்தவர் புது மனிதராகிவிடுவார்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: பொலிஸிலோ நீதிமன்றத்திலோ பெயர் கேட்டால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். அட்டையை எடுத்து நீட்டுங்கள்.

"லயத்துக்கு நம்பரே இல்ல, ரோட்டுப் பேரும் இல்ல. அட்ரஸ்னு என்னத்தப் போடுறது?"

நல்ல கேள்வி, கொழும்பில் உட்கார்ந்து மென்பொருள் செய்கிறவர்களுக்குத் தோன்றாத கேள்வி. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, அதில் ஒரு குடும்பம் இருக்கும் பகுதி காம்பரா. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டம் வைத்து, வீதியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடாது. எழுதுவினைஞர் என்ன செய்வார்? ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம், ஒரே கோடு.

பல தோட்டங்களில் தபால் இன்னும் தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் பிரிகிறது. ஒருவர் ஒருநாள் வியர்க்க விறுவிறுக்க என் கடைக்கு வந்தார், அவருக்குப் பிடியாணையாம். அழைப்பாணை நாலு மாதத்துக்கு முன்பே வந்து அலுவலக மேசையில் வேறு கடிதங்களோடு கிடந்திருக்கிறது. தோட்டம், பிரிவு, லயம், காம்பரா என்று நம் விலாசத்துக்கு ஏற்ற கட்டம் வைத்தால், அழைப்பாணை கொண்டுவரும் பிஸ்கல் அலுவலர் எந்த மலைக்கு ஏறவேண்டும் என்றாவது தெரியும். தோட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர் என்று இருப்பதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

"தோட்டத்துல ஈபிஎஃப் கட்டல, சேவைக்காலக் காசும் வரல. அந்தக் கேஸும் இதுல தெரியுமா?"

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், வேலையை விடும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணத்துக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் நிர்வாகம் கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் விசாரித்து, தொகையைக் கணக்கிட்டு, நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்யும். நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிடும். ஆக வழக்குப் போடுவது தொழில் ஆணையாளர், எதிர்ப்பக்கம் நிர்வாகம். காசு உங்களுடையது, ஆனால் வழக்கில் நீங்கள் கட்சிக்காரர் இல்லை. மேலே சொன்ன எஸ்எம்எஸ் கட்சிக்காரருக்குத்தான் போகும். முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்குப் போகாது. இப்படிப்பட்ட வழக்கில் பயனாளிகளின் பட்டியலையும் பதிந்து அவர்களுக்கும் அறிவிப்புப் போக வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை தொழில் திணைக்களத்தில் வழக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வேலையிலிருந்து நிறுத்தியது என்றால் பாதை வேறு, தொழில் நியாய சபை. அங்கே ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போடவேண்டும். கம்பியூட்டர் வரட்டும் என்று அந்த ஆறு மாதம் காத்திருக்காது.

"உங்க கடையில இருந்தே கேஸ் போடலாமா? லோயர் வேணாமா?"

இதில் எனக்குச் சொந்த இலாபம் இருக்கிறது, அதனால் கவனமாகக் கேளுங்கள். மின் தாக்கல் வந்த பல நாடுகளில் முதலில் சட்டத்தரணிகளுக்குத்தான் திறந்துவிடுவார்கள். சிங்கப்பூரில் 2013ல் ஈலிட்டிகேஷன் என்ற மின் தாக்கல் முறை வந்தபோது, கணக்கு இல்லாதவர்கள் போய்த் தாக்கல் செய்யச் சேவை நிலையங்களும் இருந்தன. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் என்னைப் போன்றவர்கள் கட்டாயம் வரிசையில் நிற்போம்.

ஆனால் தாக்கல் செய்வது வேறு, வழக்கை எழுதுவது வேறு. நான் ஆவணத்தை ஏற்றித் தரலாம். அதில் என்ன எழுதவேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை, சொல்கிற கடைக்காரரை நம்பவும் வேண்டாம். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

"தண்டம் கட்ட வரிசையில நிக்கிறது நிக்குமா?"

அது இந்தப் பட்டியலிலேயே லேசான வேலை. 2025 பெப்ரவரியில் வந்த கவ்பே மூலம் அரசாங்கக் கட்டணங்கள் பல போனிலேயே கட்டப்படுகின்றன. பொலிஸ் வீதியில் எழுதும் தண்டப்பத்திரமும் அந்தப் பக்கம் போகிறது. நீதவான் விதிக்கும் தண்டம் வேறு. கட்டிய காசு அந்த வழக்கோடு சேர்ந்து பதிவாகவேண்டும், இல்லாவிட்டால் கட்டியும் கட்டாதவர் ஆவீர்கள்.

"வீட்ல இருந்தே வீடியோவுல வந்து நிக்கலாமா?"

கொரோனாக் காலத்தில் இதற்கும் இடம் வைத்து 2021ல் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் வேறோர் இடத்திலிருந்து ஒளி ஒலி இணைப்பில் சாட்சியம் கொடுக்க இடம் வைக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்தபடி நினைத்த நாளில் முடியாது; நீதிமன்றம் அனுமதிக்கவேண்டும்.

விளக்கமறியலில் இருப்பவரை நீடிப்புக்காக மட்டும் பஸ்ஸில் ஏற்றி இறக்காமல் வீடியோவில் காட்டுவது நல்லதுதான். ஆனால் அன்றைக்குத்தான் குடும்பம் ஆளைக் கண்ணால் பார்க்கிறது. விளக்கமறியல் தவணைக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு வந்து வாசலில் நிற்கும் தாய்மாரை நான் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியவில்லை.

"கரண்ட் போனா? சிக்னல் இல்லாட்டி? அன்னைக்குக் கோர்ட்டே நடக்காதா?"

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததில் நாடே இருண்டது. நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. ஆகவே இந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி, நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு பிரதி இருக்கும்படி செய்வதுதான்: லைன் அறுந்தாலும் அன்றைய வேலை அதில் நடக்கும், லைன் வந்ததும் பெரிய சேமிப்போடு சேர்ந்துகொள்ளும். அன்றைய பட்டியலை முதல் நாள் மாலையே அச்சிட்டு வைப்பது இன்னும் எளிது. தாளை ஒரேயடியாக விட்டுவிட யாரும் சொல்லவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலில் மலையகத்தில் மண் சரிந்து பாதைகள் மூடிக்கிடந்த நாட்களில், தவணைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எத்தனை பேர் எனக்கு போன் எடுத்தார்கள். வீடே போனவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஒரே கட்டளையில் அந்த வார வழக்குகள் எல்லாவற்றையும் தள்ளிவைத்து ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் அனுப்புவது பொது மென்பொருளுக்குப் பத்து நிமிட வேலை.

"எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?"

நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. 2023ல் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேமிப்பு (கிளவுட்) கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதலில் சிக்கியது. மே நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. தாள் மட்டும் பத்திரமா? 2020 டிசெம்பரில் கொழும்பு உயர் நீதிமன்றக் கட்டடத்தொகுதியிலேயே தீப்பிடித்தது. வழக்கேடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். பதிவறைக் கரையானையும் ஈரத்தையும் யாரும் செய்தியில் சொல்வதில்லை. எத்தனை இடத்தில் பிரதி இருக்கிறது, அதில் ஒன்றாவது இணையத்தில் தொடுப்பு இல்லாமல் இருக்கிறதா, அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தார்களா என்பதைத்தான் கேட்கவேண்டும்.

"என் குடும்பக் கேஸ ஊரே போன்ல படிக்குமா?"

லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது மற்றக் காம்பராவில் கேட்கும். அதனால் இந்தக் கேள்வியைப் பெண்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நீதிமன்றம் திறந்தது என்பதும் உண்மை. ஆனால் திறந்த மண்டபத்தில் பத்துப் பேர் கேட்பதும், பெயரைத் தட்டினால் பத்து வருடம் கழித்தும் யாரும் பார்ப்பதும் ஒன்றல்ல.

பொதுமக்கள் வழக்கு இலக்கத்தை வைத்துத் தேடலாம், பெயரை வைத்துத் தேட முடியாது என்று வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தாபரிப்பு, வீட்டு வன்முறை, சிறுவர் வழக்குகளுக்குத் தவணைத் திகதி மட்டும் தெரிந்தால் போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவைப்படி ஏற்கனவே குற்றம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸிலும் கவனம் வேண்டும்: வீட்டில் ஒரே போன், அது கணவரிடம் இருந்தால், மனைவி போட்ட வழக்கின் தவணை அவர் கைக்குத்தான் போகும். எண் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள்.

"பைல் காணோம்னு இனி சொல்ல மாட்டாங்க தானே?"

லிகிதராக இருந்த காலத்தில் ஒரு காணி வழக்கின் கட்டைத் தேடி ஏழு மாதம் நடந்திருக்கிறேன். கடைசியில் அது பக்கத்து இலக்கத்துக் கட்டோடு ஒரே நூலில் கட்டுப்பட்டுக் கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சில நேரம் கெட்ட எண்ணமும் இருக்கும், கொஞ்சம் காசு கொடுத்தால் கட்டு மேலே வரும், எதிர்ப்பக்கம் கொடுத்தால் கீழே போகும்.

கம்பியூட்டரில் யார் எப்போது திறந்தார், எதை மாற்றினார் என்று தடம் விழும். அந்தத் தடத்தை யாரும் அழிக்க முடியாதபடி வைத்தால் கட்டு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் நாலு பேர் ஒரே கடவுச்சொல்லில் வேலை செய்தால் தடமும் நாலு பேருடையது ஆகிவிடும். திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லை ஒட்டிவைத்திருக்கும் அலுவலகங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

"கம்பியூட்டர் பிழை விட்டா நான் உள்ள போகணுமா?"

போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிமன்றம் 2016ல் புது மென்பொருளுக்கு மாறியபோது பதிவுகள் பின்தங்கின. இரத்தான பிடியாணையில் ஆட்கள் கைதானார்கள், விடுதலையாக வேண்டியவர்கள் கூடுதல் நாள் உள்ளே இருந்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு ஒரு பொது மென்பொருளைக் கொண்டுவந்தபோது, அதைப் பாவிக்க முடியவில்லை என்று 2022ல் நீதிமன்ற ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான். தாளில் ஒரு கையெழுத்தில் முடிந்த வேலை திரையில் பத்துப் பொத்தானாகும்போது, எழுதுவினைஞர் பின்தங்குவார். அவர் பின்தங்கினால் நீங்கள் மாட்டுவீர்கள்.

ஆகவே பிணையோ, பிடியாணை மீளப்பெற்றதோ, வழக்கு முடிந்ததோ, உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைப் பதிவாளரிடம் எடுத்து வையுங்கள். மென்பொருள் வந்த முதல் இரண்டு வருடம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாலும் தப்பில்லை.

"அப்போ கேஸ் சீக்கிரம் முடியும்?"

முடியும் என்று சொல்ல ஆசைதான். இந்தியாவில் இத்தனை வருடம் மென்பொருள் இருந்தும் மாவட்ட நீதிமன்றங்களில் நாலு கோடிக்கும் மேல் வழக்கு நிலுவை. நீதிபதி குறைவு, அறிக்கை தாமதம், சட்டத்தரணி தவணை கேட்பது, இவை மென்பொருளால் மாறாது. மாறுவது வேறு: எந்த வழக்கு எதனால் எத்தனை முறை தள்ளிப்போனது என்ற கணக்கு முதல்முறையாகக் கையில் வரும். இப்போது "எட்டு வருசமா இழுக்குது" என்று நீங்கள் சொல்கிறீர்கள், அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

"கடைசியில நீதவானுக்குப் பதிலா கம்பியூட்டரே தீர்ப்புச் சொல்லிடுமோ?"

இல்லை. இது பதிவேடுதான். தீர்ப்பு நீதவானுடையது.

"எனக்கு போன் இல்ல தம்பி. ஒங்க கடை நம்பரையே குடுத்துரவா?"

இப்போதே பொலிஸிலும் கிராம அலுவலரிடமும் முப்பது பேராவது என் கடை எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன செய்தி என்று ஒரு பழைய சீஆர் கொப்பியில் எழுதி வைக்கிறேன், பஸ்ஸில் வருகிறவரிடம் சொல்லியனுப்புகிறேன். சில நாள் மறந்தும் போயிருக்கிறேன். நீதிமன்ற மென்பொருள் வந்து முப்பது வழக்கின் செய்தியும் என் போனுக்கே வந்தால், அது பொது மென்பொருள் இல்லை, என் கொப்பிதான்.

மகளோ பேரனோ, பக்கத்துக் காம்பராவில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரோ, அவர் எண்ணைக் கொடுங்கள். அவர் எண் மாறினால் நீதிமன்றத்தில் போய் மாற்றச் சொல்லுங்கள். மேலே சொன்ன அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். பேத்தியின் எண்ணைக் கேட்டு வந்து, தவணைத் திகதி எழுதிய அதே துண்டின் பின்பக்கம் எழுதச் சொன்னார்.